புகை போகிற வழி

போன மாதம் பேரன் நண்பர்களோடு மேகமலைக்குக் கிளம்பினான். கார் டிக்கியில் ஒரு பார்பிக்யூ அடுப்பும் ஒரு மூட்டைக் கரியும் ஏறின. "ராத்திரி ரொம்பக் குளிரினா ரூமுக்குள்ள வச்சுக்குவோம் தாத்தா. கரியில புகை வராதுல்ல" என்றான். இதே வார்த்தையை இதே மலையில் நாற்பது வருடத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்கிறேன்.

1984-ல் எனக்கு ஹைவேவிஸில் பணி. அப்போது தேனி தனி மாவட்டம் ஆகவில்லை, மதுரை மாவட்டம்தான். சின்னமனூரில் சட்டை முதுகில் ஒட்டும் வெயிலில் வண்டி ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இறங்கினால் கம்பளி இல்லாமல் நிற்க முடியாது. குவார்ட்டர்ஸுக்குத் தகரக் கூரை, அதன் அடியில் பலகை. மார்கழி விடியற்காலையில் போர்வையே ஈரமாக இருக்கும். அந்த மார்கழியில்தான் மனைவி மூன்று மாதக் கைக்குழந்தையோடு மலைக்கு வந்தாள்.

வந்த நாலாம் நாள் குழந்தைக்குச் சளி. கும்மட்டி அடுப்பை வாசலில் வைத்துக் கரியைப் பற்றவைத்தேன். புகை அடங்கிக் கங்கு சிவந்ததும் அறைக்குள் தூக்கி வந்தேன். சன்னல் சந்து, கதவுச் சந்து எல்லாவற்றிலும் பழைய துணியைத் திணித்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

நள்ளிரவில் மனைவி, "என்னங்க, தலை பிளக்குது" என்று எழுந்தாள். எழுந்தவள் வாந்தி எடுத்துக் கட்டிலோரம் சரிந்தாள். எனக்கும் கால் துவண்டது. கதவை எப்படித் திறந்தேன் என்று இன்றும் கோவையாகச் சொல்ல வராது. வெளியே பனிக்குள் கொண்டு வந்து சில நிமிடம் கழித்துத்தான் குழந்தை அழுதது. அந்தச் சில நிமிடத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு பேசியதே இல்லை.

கார்பன் மோனாக்சைடு என்று பிறகு டாக்டர் சொன்னார். கங்கு புகையில்லாமல் சிவந்து எரியும்போதும் அது வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். நான் புகையைத்தான் பகைவன் என்று நினைத்திருந்தேன். புகையாவது கண்ணைக் கரித்து எழுப்பிவிடும்.

அந்த வாரம் போடியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஏலக்காய் ஸ்டோருக்குக் குழாய் போடுகிறவர். நம் பக்கத்துக்காரர்களுக்கு ஸ்டோர் தெரியும். அடுப்பு வாய் அறைக்கு வெளியே இருக்கும், விறகு எரிவது அங்கேதான். சூடான புகை தகரக் குழாய் வழியே அறையைச் சுற்றி வந்து மறுபக்கம் புகைபோக்கியில் ஏறிவிடும். அறைக்குள் 45, 50 டிகிரி சூடு, கிட்டத்தட்ட ஒரு பகலும் ஒரு இரவும். புகை கசிந்தால் காயின் பச்சை நிறமும் வாசமும் கெட்டு, ஏலத்தில் விலை விழுந்துவிடும். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர், "ஏலக்காய் மேலயே புகை படக்கூடாதுன்னு பாக்குறோம். பச்சப்புள்ள படுக்குற ரூம்ல கரியக் கொண்டு வைப்பாங்களா சார்?" என்றார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அவரே ஒரு தார் டிரம்மை வெட்டி அடுப்பு செய்து கொடுத்தார். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் பனிக்காலப் பாடம் ஒன்றில் இந்தச் சாமான் வரும். 'லெ புவால்' என்றால் அறையைச் சூடாக்கும் அடுப்பு, 'லா புவால்' என்றால் பொரிக்கிற சட்டி. ஆண்பால் பெண்பாலை மாற்றி எழுதி அடி வாங்கியிருக்கிறேன். கடற்கரை ஊரில் வியர்க்க வியர்க்கப் படித்ததை மேகமலையில்தான் கண்ணால் பார்த்தேன்.

செங்கல் பரப்பி அதன் மேல் டிரம்மை வைத்தார். சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளி. ஆறு அங்குலக் குழாய், வளைவு ஒன்றே ஒன்று. குழாய் பலகையைத் தாண்டுகிற இடத்தில் பலகையை அகலமாக வெட்டி, சுற்றிலும் தகரம் அடித்தார். மரத்தைக் குழாய் தொட்டால் என்றைக்காவது ஒரு நாள் பற்றிக்கொள்ளும். கூரை முகட்டுக்கு மேல் இரண்டடி உயர்த்தி, மழைக்கு ஒரு தொப்பி. குழாயை மூடித் திறக்க ஒரு தகடு வைத்தால் சூடு நிற்குமே என்றேன். "வேணாம் சார், தூக்கக் கலக்கத்துல முழுசா மூடிருவீங்க" என்று மறுத்துவிட்டார். கடைசியாக, நான் சன்னலில் திணித்திருந்த துணியை அவரே உருவிப் போட்டார். மேலே புகை ஏறினால் கீழே அந்த அளவு காற்று உள்ளே வரவேண்டும், வராவிட்டால் புகை திரும்பி அறைக்குள்தான் வரும்.

போட்டது ஒரு நாள் வேலை. பராமரிப்பதுதான் வேலை. எஸ்டேட்டில் கழித்துப் போடும் சில்வர் ஓக் கிளையும் பிடுங்கிய தேயிலைச் செடியின் கட்டையும் விலைக்குக் கிடைக்கும். முதல் மாதம் அவசரப்பட்டு ஈர விறகை எரித்தேன். குழாயின் உட்புறம் தார் போலப் பிசுக்கு படிந்தது. அது தடித்தால் புகைக்கு வழி அடையும், பற்றினால் குழாய்க்குள்ளேயே தீ எழும். அதன்பின் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூரை ஏறி, கயிற்றில் கல்லும் சாக்கும் கட்டி மேலும் கீழுமாக இழுப்பேன். இறங்கும்போது என் முகத்தைப் பார்த்துக் குழந்தை வீரிடும். விறகுக் கட்டை இரண்டைத் தட்டிப் பார்த்து, கணீர் என்றால்தான் உள்ளே எடுப்பேன்.

மலையிறங்கிய பின் புகையில்லா அடுப்புத் திட்டத்தின் கோப்புகள் என் மேசைக்கு வந்தன. 1983-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம், 2002 வரை நடந்தது. நல்ல அடுப்புதான். ஆனால் நான் போய்ப் பார்த்த பல வீடுகளில் புகைபோக்கி அடைத்துப்போய், பழைய மூன்று கல் திரும்பி வந்திருந்தது. பட்டியலில் அடுப்பு போட்ட தேதிக்குக் கட்டம் இருந்தது. குழாய் துடைத்த தேதிக்குக் கட்டம் இல்லை. அந்தப் பட்டியலை எத்தனையோ முறை நானே டைப் அடித்திருக்கிறேன், எனக்கும் தோன்றவில்லை.

கொடைக்கானலில் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைப் பத்திரிகையில் நீங்களும் படித்திருப்பீர்கள். பேரனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கைக்குழந்தை யார் என்று கேட்டான். உள்ளே காபி போட்டுக்கொண்டிருந்த அவன் அம்மாவைக் காட்டினேன்.

டிக்கியைத் திறந்து மூட்டையை இறக்கினான். கரி இன்னும் திண்ணையில்தான் கிடக்கிறது. மொட்டை மாடியில் மீன் சுட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.