காற்றாடி நின்ற நேரம்

எலும்பைத் துளைக்கும் குளிர். தை மாதக் காலை. உதகையில், குழந்தைகளின் மூளை நரம்பு நோய்களுக்கென மாதம் ஒருமுறை நடைபெறும் மருத்துவ முகாம். கோவையிலிருந்து மலையேறி வரும் மருத்துவ அம்மையாரின் அருகே முக்காலியிட்டு அமர்ந்து, பார், கேள், பேசாதே என்னும் மூன்று கட்டளைகளுக்கு அடங்கிப் பயில வந்த மாணவன் நான். மூன்றாவதை அன்று மீறினேன்.

குன்னூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாய், எட்டு வயது மகளுடன் வந்தார். சிறுமியின் கழுத்தில் ஒன்றல்ல, மூன்று தாயத்துகள்! பாடம் நடக்கும்போதே மரம்போல் நின்றுவிடுகிறாளாம். திமிர் என்று ஆசிரியர் அடித்தாராம். காத்துக் கருப்பு என்று பூசாரி கயிறு கட்டினாராம். பிரம்புக்கும் கயிற்றுக்கும் நடுவே அந்தப் பிஞ்சு பட்ட பாடு என்னே, தோழர்களே!

பகுத்தறிவாளன் என்ற செருக்கு என் நாவை உந்திற்று. "இந்தத் தகரத்துக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்றேன். தாய் தலைகுனிந்தார்.

"தம்பி, வெளி மேசையில் ஒரு காற்றாடி இருக்கும், எடுத்து வாருங்கள்" என்றார் மருத்துவர். குரலில் கோபமில்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வண்ணக் காகிதக் காற்றாடி. "நிறுத்தாமல் ஊது, கண்ணு" என்று சிறுமியிடம் தந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சுழன்றது. மூன்றாம் நிமிடத்தில் நின்றது. கண்கள் திறந்திருந்தன, பார்வை இல்லை. இமைகள் மட்டும் மெல்லத் துடித்தன. "நீலக் குருவி" என்று அவள் காதருகே சொன்னார் மருத்துவர். பத்து வினாடி. பிறகு ஏதும் நடவாததுபோல் மீண்டும் ஊதினாள்! "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார். அவள் விழித்தாள்.

பேயுமன்று, திமிருமன்று; 'ஆப்சென்ஸ்' என்று மருத்துவ நூல்கள் குறிக்கும் வலிப்பு. விரைந்து மூச்சுவிட்டால் குருதியில் கரியமில வாயு குறையும். அது இவ்வலிப்பைத் தூண்டும். மனித மூளையின் மின்னலைகளை 1924இல் முதன்முதல் பதிவு செய்தவர் செருமனியின் ஹான்ஸ் பெர்கர். வலிப்பு தெய்வத்தின் வேலையன்று, மூளையின் நோயே என்று கிரேக்க மருத்துவ நூலொன்று ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டது. எழுதி என்ன?

"இத்தனை நாள் ஏன் வரவில்லை?"

"பொட்டப்புள்ளைங்கம்மா. வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டிக்குவா?"

நகைக்க முடியுமா இதை? நாட்டின் சட்டமே அதைத்தானே கேட்டது! இந்து திருமணச் சட்டத்தில், அடிக்கடி வரும் வலிப்பைத் திருமணத் தகுதிக்குத் தடையென 1976இல் சேர்த்தார்கள், 1999இல்தான் நீக்கினார்கள். படித்தவர்கள் கட்டிய தாயத்து அது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறது?"

தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். புளியங்கொட்டைகள்! வேலையில்லாத ஞாயிறன்று, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை மகளை விட்டு அகலாமல், ஒவ்வொரு முறைக்கும் ஒரு கொட்டை எடுத்து வைத்திருக்கிறார். எண்ணினேன்: 23. நூல்களைக் கரைத்துக் குடித்த எனக்கு அக்கேள்வி தோன்றவேயில்லை. எழுத்தறியாத அவரோ விடையோடு வந்திருந்தார்.

மருத்துவர் அந்த எண்ணை ஏட்டில் குறித்தார். மாத்திரை எழுதினார். தாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "ஒருவேளைகூட விடாதீங்கம்மா. அடுத்த மாதமும் எண்ணிக் கொண்டு வாங்க" என்றார். என்னிடம் திரும்பி, "பள்ளி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள், தம்பி" என்றார்.

எழுதிப் படித்துக் காட்டினேன். தாய் அதை மடித்துக் கொட்டைகளோடு முடிந்துகொண்டார்.

"இனிமே அடிக்கமாட்டாங்கல்ல, தம்பி?"

"அடிக்கக் கூடாதென்று எழுதியிருக்கிறேன், அம்மா" என்றேன்.