சாச்சாவின் குரல்

தில்லியில் வளர்ந்த எனக்கு இந்தி எழுத்தைப் பள்ளி கற்பித்தது. அதன் சுவையைக் கற்பித்தவர் சாச்சா சௌத்ரி. ஓவியர் பிராண் 1971இல் 'லோட்போட்' என்னும் இந்தி இதழுக்காகப் படைத்த செந்தலைப்பாகைக் கிழவர் அவர். பிராண், இன்று பாகிஸ்தானிலுள்ள கசூரில் பிறந்தவர். நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்.

ஞாயிறுதோறும் தந்தையார் அச்சித்திரக்கதையை உரக்கப் படிப்பார். சாச்சா தஞ்சாவூர் வாடை வீசும் இந்தியில் பேசுவார். வியாழன் கோளிலிருந்து வந்த சாபுவோ எங்கள் வீட்டில் தமிழிலேயே உறுமுவான்.

"இவங்க டி.வி.யில எப்பப்பா வருவாங்க?" என்பேன்.

"வருவாங்கடா, பொறு."

பொறுத்தோம். 2002இல்தான் சஹாரா தொலைக்காட்சியில், ரகுவீர் யாதவ் நடிப்பில், சாச்சா உயிர்பெற்று நடமாடினார். முப்பது ஆண்டுப் பயணம்! தந்தையாரோ அதற்கு மூன்றாண்டு முன்பே மறைந்துவிட்டார்.

அம்மாவும் நானும் அமர்ந்து பார்த்தோம். நடிப்பில் குறையில்லை, இந்தியிலும் பிழையில்லை. அம்மா மட்டும் மெல்லச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா, சாச்சா இப்படிப் பேசமாட்டாரேடா."

அன்றிரவு பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். பழைய புத்தகம் ஒன்றை எடுத்து, தந்தையாரின் இந்தியிலேயே படிக்கத் தொடங்கினேன். அம்மா கண்மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.