தயிர் சாதமும் மீனாட்சியும்

ஒரு டாக்டரை 'மாட்டு வைத்தியர்' என்று சொன்னால் நம் ஊரில் அது வசவு. ஊசி கொஞ்சம் வலித்துவிட்டாலும் சரி, மருந்து சற்று உக்கிரமாக இருந்துவிட்டாலும் சரி, "சரியான மாட்டு வைத்தியன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே படி இறங்குகிறோம். இப்படித் திட்டுகிறவர்கள் அசல் மாட்டு வைத்தியர் ஒருவரின் எதிரில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருக்கோடியில் அப்படி ஒருவர் இருக்கிறார். வேப்பேரியில் 1903-ஆம் வருஷம் முதல் இருந்துவரும் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு, முப்பது வருஷம் ஜில்லா ஜில்லாவாகப் போய் ஆடு மாடு பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகு, வாசல் அறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு நாய், பூனை பார்க்கிறார். மாலை வேளைகளில் நானும் அங்கே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்வேன். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். பேசாத நோயாளியையும், பேச்சை நிறுத்தாத சொந்தக்காரரையும் வேறு எங்கே சேர்த்துப் பார்க்க முடியும்?

"மாட்டுக்காரன் பொய் சொல்லமாட்டான், ஸார்," என்பார் டாக்டர். "என்ன தின்னுச்சு, எத்தனை தடவை சாணி போட்டுச்சு, அசை போடுதா இல்லையா, எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பால் குறைஞ்சா அவன் வீட்டு உலை கொதிக்காது. நாய் வளர்க்கிறவங்க அப்படி இல்லை. 'ஒண்ணுமே குடுக்கலை, டாக்டர்'னு சத்தியம் பண்ணுவாங்க. பின்னாலே நிக்கிற குழந்தைதான், 'அப்பா நேத்து சாக்லேட் கேக் குடுத்தாரே'ன்னு போட்டு உடைக்கும்."

ஆகவே அவர் முதலில் நாயைப் பார்ப்பார். அடுத்தபடி குழந்தையைப் பார்ப்பார். கடைசியில்தான் அப்பாவிடம் திரும்புவார். சாக்லேட்டும், திராட்சையும், வெங்காயமும் நாய்க்கு விஷம் என்பதை அவர் எத்தனை பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை. பூனைக்காரர்களிடம் சொல்வது வேறு. நமக்குக் காய்ச்சல் வந்தால் வாயில் போட்டுக்கொள்கிறோமே பாரசிட்டமால், அதில் ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையின் உயிரை வாங்கிவிடும். அதைப் பக்குவமாக முறித்து வெளியே தள்ளும் சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் பழுப்பேறிப் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும். "பாவம், உடம்பு சுடறதே" என்று பாதி மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுக்கிறவர்கள் கெட்டவர்களா என்ன? அன்பு தாங்காமல்தான் கொடுக்கிறார்கள்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது ஒரே ஒரு தடவை. வளர்த்த நாய்க்குட்டியே கடித்துவிட்ட ஒரு பையனை, காயத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப் பொடியும் அப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். "முதல்லே குழாயடிக்குப் போங்க! சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க! அப்புறம் என்கிட்டே இல்லை, மனுஷங்க ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க!" என்று ஒரு போடு போட்டார். பையனின் அப்பா தயங்கினார். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்ற பழைய பயம். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தைத் தயாரிப்பது நம் தேசத்தில் 2004-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. இப்போது ஒரு மாதத்துக்குள் கையில் நாலைந்து ஊசி, அவ்வளவுதான். ஆனால் வெறிநோய் தலைகாட்டிய பிறகு ஆயிரம் ஊசி போட்டும் பிரயோஜனமில்லை. நாய்க்குட்டிக்கு மூன்றாம் மாதமே தடுப்பூசி போட்டிருந்தால் இந்தப் பதற்றமே வேண்டியிருக்காது என்பதை அவர் சொல்லவில்லை. பையன் போன பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டு வெகு நேரம் சும்மா இருந்தார்.

நான் சொல்ல வந்தது மீனாட்சியைப் பற்றி. மீனாட்சி என்பது எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் ஒரு மாமியின் பூனை. மாமிக்கு எழுபதுக்கு மேல் வயசு. மாமா காலமாகிவிட்டார், பிள்ளை அமெரிக்காவில். வெங்காயம் பூண்டுகூட நுழையாத வீடு. அந்த மட்டில் மீனாட்சி செய்த புண்ணியம். வெங்காயம் பூனைக்கும் ஆகாது.

"ரெண்டு மூணு மாசமா ஒரு மாதிரியா இருக்கு. ஊஞ்சல் மேலே தாவினா குறி தப்பிக் கீழே விழறது. கதவுல போய் முட்டிக்கறது. நீ கொஞ்சம் கூட வாயேன்," என்று மாமி கூப்பிட்டாள். காய்கறிக் கூடையில் பூனையை வைத்து, மேலே துண்டைக் கட்டி, நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு பஞ்சு உருண்டையைப் பூனையின் முகத்துக்கு நேரே மெல்லக் கீழே விட்டார். சத்தமில்லாமல் விழுகிற பஞ்சைக் கண் உள்ள பூனை விடாது பார்க்கும். மீனாட்சி பார்க்கவில்லை. டார்ச் விளக்கை அடித்தார், கண்மணி சுருங்கவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்து வெகு நேரம் கேட்டார்.

"என்னம்மா சாப்பிடுது?"

"தயிர் சாதம், டாக்டர். ரெண்டு வேளையும். காலம்பற பால். கண் மங்கறாப்பல இருக்கேன்னு இப்பக் கொஞ்ச நாளாக் காரட் துருவிப் போட்டுப் பிசையறேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பேரிலே மட்டும் மீன் இருந்தாப் போதுமா, அம்மா?" என்று மிகவும் தணிந்த குரலில் கேட்டார்.

விஷயம் இதுதான். டாரின் என்று ஒரு சத்து உண்டு. எருதின் பித்தநீரில் 1827-ல் முதன் முதலாகக் கண்டுபிடித்ததால் எருதின் பெயரையே அதற்கு வைத்தார்கள். (இதை நான் மாமியிடம் சொல்லவில்லை.) நம் உடம்பும் நாயின் உடம்பும் அதை ஓரளவு தாமே தயாரித்துக்கொள்ளும். பூனைக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. மாமிசத்திலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது கிடைக்காவிட்டால் விழித்திரை கருகிப்போகும் என்று 1975-ல் தெரிய வந்தது. இதயமும் வீங்கித் தொய்ந்துவிடும் என்று 1987-ல் கலிபோர்னியாவில் கண்டார்கள். அரிசியில் அது கிடையாது. பசும்பாலில் இருப்பது சொற்பம். காரட்டும் வீண்தான். காரட்டிலிருந்து கண்ணுக்கான வைட்டமினை உண்டாக்கிக்கொள்ளப் பூனையால் முடியாது.

மாமி விடவில்லை. "எங்க பாட்டி ஆத்துல ஏழெட்டுப் பூனை இருந்தது, டாக்டர். எல்லாத்துக்கும் தயிர் சாதம்தான். நன்னாத்தானே இருந்தது?"

"பகல்லே தயிர் சாதம், அம்மா. ராத்திரி அதுங்க கொல்லைப்பக்கம் எதுக்குப் போச்சுன்னு பாட்டி என்னிக்காவது கேட்டாங்களா?"

மாமி பேசவில்லை. மீனாட்சியும் நாலு வருஷம் கொல்லை இருந்த வீட்டில் வளர்ந்ததுதான். ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிய பிறகு, கம்பி வலை அடித்த மூன்றாவது மாடியில், எலியும் இல்லை, ஓணானும் இல்லை. இரண்டு வருஷம் அது உண்மையாகவே தயிர் சாதம் மட்டும் சாப்பிட்டிருக்கிறது.

"நாயா இருந்தா கணக்குப் பார்த்துச் சைவத்திலேயே சமாளிக்கலாம்," என்றார் டாக்டர். "பூனை கிட்டே அது நடக்காது. இதயத்துக்கு மருந்து தரேன்; சாப்பாடு மாறினாத் தேறிடலாம். கண் போனது போனதுதான். மாமிசம் குடுக்க மனசு வரலைன்னா, குடுக்கிற வீடாப் பார்த்துக் குடுத்துடுங்க. அதிலே பாவமே இல்லை. ரெண்டும் இல்லாம வெச்சுக்கிறதுதான்..."

அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டது எனக்குப் பிடித்திருந்தது.

மாமியின் ஆசாரத்தைப் பரிகாசம் செய்வது சுலபம். வாசலில் எறும்பு வரிசை போனால் சுற்றிக்கொண்டு நடக்கிறவள் அவள். ஒரு ஜீவனைக் காப்பாற்ற இன்னொரு ஜீவனைக் கொன்று கொண்டுவா என்றால் அவளுக்கு அது லேசான காரியமா? எந்தப் புராணத்தைப் புரட்டினாலும் சமாதானம் கிடைக்காத சங்கடம் அது. ஆனால் ஒன்று. நம்மிடம் அன்பாக இருப்பவை நம்மைப் போலவே இருக்கவேண்டும் என்ற ஆசையை நாம் பூனையோடு நிறுத்திக்கொள்கிறோமா என்ன? மாமியின் பிள்ளை சங்கீதம் படிக்க ஆசைப்பட்டு, எஞ்சினீயராகி, சியாட்டிலில் இருக்கிறான்.

மூன்று நாள் மாமி வீட்டுக் கதவு திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டாள். கையில் ஒரு சீட்டு இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த பூனை ஆகாரத்தின் பெயர். "நீயே வாங்கிண்டு வந்துடு. பையில போட்டு எடுத்துண்டு வா. பால்கனில வெச்சுடு," என்றாள். பால்கனியில் ஒரு புதுத் தட்டு, புதுக் கரண்டி, ஒரு மூடி போட்ட டப்பா. முதல் நாள் நான்தான் போட்டேன். மாமி சமையலறையில் நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். மீனாட்சி தட்டை நக்கிய சத்தம் உள்ளே வரையில் கேட்டது. பத்து நாளுக்கெல்லாம் மாமியே போட ஆரம்பித்தாள். போட்டுவிட்டுத் தலைக்குக் குளித்தாள். மார்கழியிலும் குளித்தாள்.

நாலு மாதம் கழித்து வேப்பேரி ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தபோது வீக்கம் நன்றாக வடிந்திருந்தது. கண் திரும்பவில்லை. "வீட்டிலே சாமானை மட்டும் இடம் மாத்தாதீங்க. மீசையும் ஞாபகமும் இருந்தா அது சௌகரியமா நடமாடும்," என்றார் டாக்டர்.

பொங்கலுக்குப் பிள்ளை வந்திருந்தான். பெரிய டெலிவிஷன் ஒன்று வாங்கி வந்து, மாட்டுவதற்கு இடமில்லையே என்று ஊஞ்சலைக் கழற்ற ஆள் கூட்டி வந்தான். மாமி அந்த ஆளுக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள். டெலிவிஷன் இன்னும் அட்டைப் பெட்டியோடு எங்கள் வீட்டில் இருக்கிறது.