இடது கையின் வேலை

திண்டுக்கல் பூட்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் அரத்தைப் பற்றி எழுதிவிட்டார்கள். நாகல் நகரிலும் குடைப்பாறைப்பட்டியிலும் நல்லாம்பட்டியிலும் மிச்சமிருக்கும் பட்டறைகளுக்கு வரும் புகைப்படக்காரரின் கண்ணும் அரத்தில்தான் விழுகிறது. வலது கை ராவுகிறது, பித்தளைத் தூள் உதிர்கிறது, சாவியில் ஒரு பல் உருவாகிறது. அந்தப் படத்தின் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நிற்பது இடது கை. அது எதையும் செய்வதாகத் தெரியாது, பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இந்தத் தொழில் இன்னொரு தலைமுறைக்குப் போகுமா என்று கணிக்க வேண்டுமானால் பார்க்க வேண்டியது அந்த இடது கையைத்தான் என்று நினைக்கிறேன். பட்டறைகளிலிருந்து மதுரைச் சாலையில் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் காந்திகிராமம் இருக்கிறது. கைத்தொழிலுக்கு எந்தக் கருவி தகும், எது தகாது என்ற கேள்வியை முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கேட்டுவரும் இடம் அது. அந்தக் கேள்வியை இந்தப் பட்டறைகளில் வைத்துப் பார்ப்பதே இங்கே என் நோக்கம்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லின் பேர்பெற்ற பூட்டுகள் லீவர் பூட்டுகள். மாங்காய்ப் பூட்டானாலும், சாவி திருப்பினால் மணியடிக்கும் பூட்டானாலும் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் பூட்டு அசையாது. ஆகவே சாவியையும் லீவரையும் மாற்றி மாற்றி ராவி, போட்டுப் பார்த்து, மறுபடி ராவ வேண்டும். இதைச் செய்யும்போது வேலைத்துண்டைப் பிடிக்கப் பட்டறையில் மூன்று வழி இருக்கிறது: பலகையில் பொருத்திய வைஸ், கையில் பிடிக்கும் குறடு அல்லது கைவைஸ், கடைசியாக வெறும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். தரையில் உட்கார்ந்து வேலை நடக்கும் இடங்களில் கால் பெருவிரலும் ஒரு பிடியாகச் சேர்ந்துகொள்ளும். நுணுக்கம் கூடக் கூட வேலை வைஸிலிருந்து விரலுக்கு வந்துவிடுகிறது. நியாயப்படி நேர்மாறாக அல்லவா இருக்க வேண்டும்? காரணம் எளிது. நாலு முறை ராவி ஒரு முறை போட்டுப் பார்க்கும் வேலையில் ஒவ்வொரு தடவையும் வைஸின் கைப்பிடியைச் சுற்றித் திறக்க வேண்டும், சுற்றி மூட வேண்டும். கூலி உருப்படிக் கணக்கில். வைஸைத் திறந்து மூடும் நேரத்துக்குக் கூலி கிடையாது.

விலை இடது கையிலிருந்து போகிறது. அரம் வழுக்கினால் கிழிவது பிடித்திருக்கும் விரல். கிழியாத நாளிலும் சின்னத் தகட்டை மணிக்கணக்கில் இரண்டு விரலால் நெரித்துக்கொண்டிருப்பதன் வலி மணிக்கட்டில் தங்குகிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கும் பையனுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் விதி, நின்றால் வைஸின் வாய் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. அந்தப் படிப்பை முடித்தவன் பூட்டுப் பட்டறைக்கு வந்தால் கற்ற முதல் பாடத்தையே தரையில் உட்கார்ந்து மறக்க வேண்டியிருக்கும். இளைஞர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை என்ற புலம்பலைக் கேட்கும்போதெல்லாம் கூலியோடு இதையும் சேர்த்து எண்ண வேண்டும். தொழிலாளிகளின் சாமர்த்தியத்துக்கு இதில் குறைவில்லை. பித்தளையில் தழும்பு விழாதிருக்க வைஸின் எஃகு வாய்க்கு மெல்லிய தகட்டை மடித்து உறை போடுகிறார்கள். பிடி பற்றிய அறிவு பட்டறையில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கேற்ற கருவியைத்தான் யாரும் செய்து தரவில்லை.

பிடிக்கும் கருவி ஒன்று ஒரு தொழிலை எப்படி மாற்றும் என்பதற்குக் கண்ணாடி பாட்டிலின் வரலாறு சரியான சான்று. வாயால் ஊதிப் பாட்டில் செய்த காலத்தில், ஊதுகுழலிலிருந்து பிரித்ததும் கழுத்து முரடாக நிற்கும். அதை மறுபடி சூடாக்கி விளிம்பு கட்ட வேண்டும். கொதிக்கும் பாட்டிலை எதால் பிடிப்பது? இரும்புக் கம்பியின் நுனியில் உருகிய கண்ணாடியைத் தொட்டு அதைப் பாட்டிலின் அடியில் ஒட்டவைத்தார்கள். வேலை முடிந்ததும் தட்டிப் பிரிப்பார்கள். அடியில் வடு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஸ்நாப் என்ற கைக்கருவி பரவியது. நீண்ட கம்பி, நுனியில் பாட்டிலின் உடலுக்கேற்ப வளைந்த ஸ்பிரிங் தாடைகள், அவற்றை இறுக்க ஒரு வளையம். ஒட்டவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம், வடுவும் இல்லை. தொழிலாளி பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் கம்பியை உருட்டிக்கொண்டே வலது கையால் வாய்க்கு வடிவம் கொடுத்தார். (நம் கோலி சோடா பாட்டிலின் முன்னோடியை ஆங்கிலேயப் பொறியாளர் ஹைரம் காட் 1870களில் உருவாக்கினார். அதில் கோலியை உள்ளே போட்ட பிறகுதான் வாயை முடிக்க முடியும். நல்ல பிடி இல்லாமல் அப்படி ஒரு பாட்டிலை ஆயிரக்கணக்கில் செய்திருக்க முடியாது.) ஊதுகிறவரின் மூச்சையோ விளிம்பு கட்டுகிறவரின் கண்ணையோ ஸ்நாப் பறிக்கவில்லை. பிடிப்பதில் இருந்த வீண்வேலையை மட்டும் எடுத்தது.

ஆனால் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினால் அது பொய்யாகிவிடும். பிடிப்பது எளிதானதும் முதலாளிகள் பிடிப்பதற்குச் சிறுவர்களை வைத்தார்கள். அமெரிக்கக் கண்ணாடி ஆலைகளில் பாட்டிலை ஸ்நாப்பில் மாட்டி உலை வாயில் காட்டுவதற்கென்றே ஒரு பையன் இருந்தான். அச்சைத் திறந்து மூட ஒருவன், செய்ததைச் சுமந்து போக ஒருவன். அவர்கள் இரவு முறையிலும் வேலை செய்தார்கள். லூயிஸ் ஹைன் எடுத்த படங்களில் அந்த முகங்கள் இருக்கின்றன. கடைசியில் அவர்களை வெளியேற்றியதில் சட்டத்தோடு ஓர் இயந்திரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. மைக்கேல் ஓவன்ஸ் 1903இல் கொண்டுவந்த தானியங்கி பாட்டில் இயந்திரம் அது. அவரே பத்து வயதில் கண்ணாடி ஆலைக்கு வேலைக்குப் போனவர். அந்த இயந்திரம் பையன்களோடு ஊதும் கைவினைஞர்களையும் சேர்த்தே வெளியேற்றியது. நம் நாட்டிலும் இதே பாடம் இருக்கிறது. நீரா பர்ரா இந்தியக் குழந்தைத் தொழிலாளர் பற்றி 1995இல் வெளியிட்ட நூலில் ஃபிரோசாபாத்தின் கண்ணாடியும் அலிகாரின் பூட்டும் இடம்பெறுகின்றன. முன்னதில் கம்பி நுனியில் உருகிய கண்ணாடியைச் சுமந்து ஓடும் பிள்ளைகள், பின்னதில் கை அழுத்தப் பொறிகளிலும் மெருகுச் சக்கரங்களிலும் பிள்ளைகள். ஒரு வேலை எளிதாகும்போது அதை யார் தலையில் கட்டுவார்கள் என்ற கேள்வி கருவிக்குள்ளேயே இருக்கிறது. என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்றும் இதுதான். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

காந்திகிராமத்துக்கும் கருவி பற்றிய இந்தக் கேள்விக்கும் உள்ள உறவு தற்செயலானது இல்லை. 1947இல் டாக்டர் சௌந்திரத்துடன் இந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஜி. ராமச்சந்திரன், 1924இல் சாந்திநிகேதன் மாணவராக இருந்தபோது காந்தியைச் சந்தித்து இயந்திரங்கள் பற்றிக் கேள்வி கேட்டவர். மகாதேவ தேசாய் பதிவுசெய்த அந்த உரையாடல் அந்த நவம்பரில் யங் இந்தியாவில் வந்தது. அதில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது சிங்கர் தையல் இயந்திரத்துக்குக் காந்தி அளித்த விலக்கு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் போகிறபோக்கில் சொன்ன இன்னொரு கருவி: கோணிப்போன தக்களியை நிமிர்த்தும் சிறு பொறி. கொல்லர் தக்களி செய்வதை அது நிறுத்தாது. கோணினால் நிமிர்த்திக்கொள்ள நூற்பவர் ஒவ்வொருவர் கையிலும் ஒன்று இருக்கும் என்பது அவர் கருத்து. இதிலிருந்து ஓர் அளவுகோலை எடுக்கலாம். வேலையின் மையத்தில் இருக்கும் திறனைத் தொடாமல், அதைச் சுற்றியுள்ள சலிப்பையும் வலியையும் குறைப்பது. தொழிலாளியின் கையிலேயே இருப்பது. பக்கத்துக் கொல்லரால் செய்யவும் பழுதுபார்க்கவும் முடிவது. மிதியால் இறுகித் தளரும் சிறு பிடி ஒன்று இந்த மூன்றிலும் தேறும். ஐரோப்பாவின் மரவேலைக்காரர்களும் சேணம் தைப்பவர்களும் காலால் இறுக்கும் பிடியை நெடுங்காலம் பயன்படுத்தியிருக்கிறார்கள். கால் அழுத்தினால் பிடிக்கும், எடுத்தால் விடும். இரண்டு கையும் அரத்துக்கும் சாவிக்கும் மிச்சம். திண்டுக்கல்லில் இதைச் செய்யத் தெரியாத கொல்லர் இருக்க மாட்டார்.

இதற்கு வரும் முதல் மறுப்பு பூட்டின் பெருமையைச் சார்ந்தது. ஒவ்வொரு சாவியையும் கையாலேயே ராவுவதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது என்பதுதானே திண்டுக்கல்லின் விற்பனைப் பேச்சு. கருவி வந்தால் எல்லாம் ஒரே அச்சாகிவிடாதா என்கிறார்கள். இது பிடிப்பதையும் வெட்டுவதையும் ஒன்றாக்கிக் குழப்பும் மறுப்பு. எங்கே வெட்ட வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் அச்சு வேறு. வெட்டும் இடத்தை அசையாமல் நிறுத்தும் பிடி வேறு. முன்னது வந்தால் பல்லின் உயரத்தைக் கருவி முடிவு செய்யும், ஒரு பூட்டின் சாவி இன்னொன்றையும் திறக்கத் தொடங்கும். பின்னது வந்தால் முடிவு கண்ணிலும் விரலிலும்தான் இருக்கும். சொல்லப்போனால், துண்டு நடுங்காதபோது கைவினைஞர் இன்னும் ஒரு லீவரைச் சேர்த்துப் பார்க்கவும் துணியலாம்.

இரண்டாவது மறுப்பு சந்தை. அழுத்தப் பொறியிலும் வார்ப்பிலும் அலிகார் பூட்டைக் குவித்துப் பாதி விலைக்கு அனுப்பும்போது திண்டுக்கல் எந்தப் பிடியைப் பிடித்தால் என்ன? உண்மைதான், விலையில் அலிகாரை வெல்ல எந்தக் கைக்கருவியாலும் ஆகாது. அந்தப் போட்டி முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது கோயில் உண்டியலுக்கும் கிடங்குக்கும் பழைய வீட்டின் பெரிய கதவுக்கும் நம்பி வாங்குகிறவர்களின் சந்தை. அவர்கள் வாங்குவது நுணுக்கத்தை; நுணுக்கம் நீடிக்க வேண்டுமானால் அதைச் செய்யும் கை நாற்பது வயதில் ஓயக் கூடாது. 2019இல் கிடைத்த புவிசார் குறியீடு இங்கே உதவும், ஆனால் ஓர் எல்லைவரைதான். அது திண்டுக்கல் பூட்டு என்ற பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் சட்ட உரிமை. செய்கிறவர் எதன் மேல் உட்கார்ந்து, எதால் பிடித்துச் செய்கிறார் என்பது அதன் அக்கறைக்குள் வராது.

பணம் இல்லை என்ற சாக்கும் இப்போது அவ்வளவாக எடுபடாது. 2023இல் மத்திய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் பூட்டுத் தொழிலும் ஒன்று. கருவிகள் வாங்க 15,000 ரூபாய் வரை உதவி அதில் உண்டு. குலத்தொழிலை ஊக்குவிக்கிறது என்று தமிழக அரசு அதை ஏற்க மறுத்து, கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த மறுப்பில் எனக்கு உடன்பாடு உண்டு; பூட்டு செய்ய ஆசாரியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்த அரசின் பணமானாலும் கருவி என்றதும் வாங்கப்படுவது பெரும்பாலும் கடையில் பெட்டியோடு கிடைக்கும் மின்துளைப்பான்தான். பட்டறைக்கென்று வடிவமைக்க வேண்டிய பிடி எந்தப் பட்டியலிலும் தானாக ஏறாது. அதற்கு யாராவது பட்டறையில் உட்கார்ந்து, எத்தனை தடவை ராவுகிறார், எத்தனை தடவை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார், எந்த விரல் எப்போது வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். காந்திகிராமத்தில் கிராமியப் பல்கலைக்கழகம் ஒன்றை அவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்கு வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை.

இனி விட்டுவைத்த மறுப்பு. உருப்படிக் கூலியில் வேகம் கூடினால் பத்துப் பூட்டுக்கு வாங்கிய கூலியைப் பன்னிரண்டு பூட்டுக்கு வாங்க வேண்டிவரும். வலி குறைந்ததன் லாபம் வியாபாரி கணக்கில் ஏறும். கண்ணாடி ஆலையில் நடந்தது இதுதான் என்பதால் இதை லேசாகத் தள்ள முடியாது. ராமச்சந்திரனும் 1924இல் இதன் ஓரத்தைத் தொட்டார்: தையல் இயந்திரம் வேண்டுமானால் அதைச் செய்ய ஓர் ஆலை வேண்டுமே என்று கேட்டார். ஆம், ஆனால் அந்த ஆலை தனியார் பேராசைக்கு இல்லாமல் பொதுவுடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார் காந்தி. கருவி நல்லதா என்ற கேள்வி, கருவி யாருடையது என்ற கேள்வியாக அங்கேயே மாறிவிட்டது. திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலாளர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது; புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்ததும் அதுதான். பிடியை வாங்குவதும் தொழிலாளியின் பெயரில் கொடுப்பதும் அந்தச் சங்கமாக இருந்தால், அவர் பட்டறை மாறும்போது கருவியும் கூடவே போகும். அதைவிட முக்கியமானது வரிசை. முதலில் கூலி விகிதத்தை எழுத்தில் நிறுத்த வேண்டும், பிறகுதான் பிடி பட்டறைக்குள் வர வேண்டும். கருவி வந்து வேகம் கண்ணுக்குத் தெரிந்த பிறகு கூலி பேச உட்கார்ந்தால், பேரத்தில் தொழிலாளியிடம் காட்ட எதுவும் மிச்சமிருக்காது.