அமாவாசைக்கு ஒரு சார்ஜ்

உங்கள் வீட்டில் 'ஆபத்துக்கு உதவும்' என்று எடுத்து வைத்த சாமான் ஏதாவது உண்டா? இருந்தால், இதைப் படித்து முடித்ததும் தயவுசெய்து அதை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். நான் சொல்லப் போவது ஒரு பாட்டரியின் கதை. 'பாட்டரி சமாசாரம் ஆண்பிள்ளைகள் பாடு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தோம்.

என் பிறந்தகம் அருப்புக்கோட்டை. அங்கே என் தகப்பனாரிடம் ஓர் அம்பாஸடர் கார் இருக்கிறது. அந்த வண்டி தயாராவது 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அப்பாவின் அபிமானம் மட்டும் நிற்கவில்லை. எப்போதாவது திருச்சுழி திருமேனிநாதர் கோவில், எப்போதாவது மதுரையில் ஒரு கல்யாணம். மற்ற நாளெல்லாம் வண்டிக்கு ஓய்வுதான். நின்றே கிடக்கும் வண்டியின் பாட்டரி சமயத்தில் காலை வாரிவிடுமே என்று, அப்பா புதிதாக இன்னொரு பாட்டரி வாங்கினார். சாக்கில் சுற்றித் தகரக் கொட்டகையின் மூலையில் வைத்தார். "யாரும் தொடக்கூடாது. புதுசு புதுசாகவே இருக்கட்டும்" என்று உத்தரவு. ஒன்றரை வருஷம் யாரும் தொடவில்லை.

போன சித்திரையில் நான் அங்கே போயிருந்தபோது, ஒருநாள் இரவு ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. அப்பா ஓடிப் போய்க் கார்ச் சாவியைத் திருப்பினார். 'டக்' என்று ஒரு சப்தம், அவ்வளவுதான். "பயப்படாதே, ஸ்பேர் இருக்கு!" என்றார். நான் டார்ச் பிடித்தேன். சாக்கைப் பிரித்தால், பாட்டரி கடையிலிருந்து வந்த மாதிரியே பளபளத்தது. கை நடுங்க நடுங்க மாட்டினோம். அந்த 'டக்'கூட வரவில்லை!

எதிர்வீட்டுத் தறிக்காரர்கள் எழுந்து வந்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார்கள். பிறகுதான் ஒருவருக்கு 108 நினைவு வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது, அம்மா பிழைத்தாள். ஆனால் கொட்டகைக்கும் திண்ணைக்குமாக நாங்கள் அலைந்த அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்த வாரம் மெக்கானிக் வந்தார். புதுப் பாட்டரியில் மீட்டரை வைத்தார். பத்து வோல்ட்கூட இல்லை.

"அண்ணாச்சி, இது செத்து ரொம்ப நாளாச்சு."

"அதை யாரும் தொடவே இல்லையேப்பா!"

"தொடாததுனாலதான் அண்ணாச்சி செத்துச்சு!"

காரணத்தை அவரே சொன்னார். பாட்டரிக்குள் இருப்பவை ஈயத் தகடுகளும் கந்தக அமிலமும். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டுவிட்டாலோ கல் மாதிரி கெட்டிப்படும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய சக்தி திரும்பாது. உஷ்ணம் வேறு இதற்குச் சத்துரு. பத்து டிகிரி ஏறினால் சார்ஜ் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரு மடங்கு ஆகிவிடுமாம். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலும் தகரக் கூரையும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா?

கட்டிலில் படுத்திருந்த அம்மா, "மாங்காய் ஜாடியைக்கூட நாலு நாளைக்கு ஒருதரம் கிளறிவிடாவிட்டால் பூஞ்சை பூக்கிறது. இது மட்டும் சும்மா இருக்குமா?" என்று கேட்டாள். அப்பா வாய் திறக்கவில்லை.

இந்த ஈயப் பாட்டரியை 1859-ல் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் தேசத்து காஸ்டன் பிளாண்டே. அதெல்லாம் எங்கோ சீமையில் நடந்த சங்கதி என்று நினைக்காதீர்கள். அருப்புக்கோட்டையும் காரைக்குடியும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த காலத்தில், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் எழுந்தது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பாட்டரி ஆராய்ச்சிக்குப் பெயர்போன இடம் பக்கத்திலேயே இருக்க, நாங்கள் பாட்டரியைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தோம்!

இப்போது எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்கிறேன். புது ஸ்பேர், வெயில் படாத மாடிப்படி அடியில் இருக்கிறது. சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் இல்லை. மாதம் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு, 12.4-க்குக் குறைந்தால் சார்ஜ் ஏற்ற வேண்டும். 60 ஆம்பியர்-மணிப் பாட்டரி என்றால் 6 ஆம்பியர் போதும்; நிதானமாக ஏறட்டும். நிறைந்ததும் தானே அடங்கும் சார்ஜர் நல்லது. அப்போது எரியும் வாயு வெளிவரும். ஜன்னல் திறந்திருக்கட்டும், சமையலறையும் விளக்கெரியும் பூஜையறையும் வேண்டாம். மூடி திறக்கும் ரகமானால், தண்ணீர் குறைந்திருக்கும்போது டிஸ்டில்ட் வாட்டர்தான். குழாய்த் தண்ணீர் ஆகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்பேரை வண்டியில் மாட்டி, வண்டியில் இருந்ததை ஸ்பேராக வைத்துக் கொள்கிறோம்.

மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் போகிற பட்டணத்துச் சகோதரிகளே, ஸ்கூட்டருக்கும் இதே கதிதான். முழுக்க சார்ஜ் ஏற்றி, நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

இந்த மாதாந்தர வேலையை இப்போது செய்வது யார் என்கிறீர்கள்? அம்மாதான்! தினசரிக் காலண்டரில் அமாவாசைக்கு அமாவாசை 'பாட்டரி' என்று எழுதி வைத்திருக்கிறாள். அதன் மேலே பெரிய எழுத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாள்: 'முதலில் 108. அப்புறம்தான் கார்.'