மாமாவின் படகும் பதினொரு பக்கப் பத்திரமும்

வெள்ளிக்கிழமைகளில் சூரத்துல் கஹ்ஃப் ஓதுகிறவர்களுக்கு அந்தப் படகின் கதை தெரியும். கடலில் பாடுபட்டுப் பிழைக்கும் ஏழைகளின் படகு அது. ஹிழ்ர் (அலை) அவர்கள் அதைப் பழுதாக்க, மூஸா (அலை) அவர்கள் பதறிப்போய்க் கேட்கிறார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் வந்துகொண்டிருந்தான் என்ற காரணம் பிறகுதான் தெரிகிறது. சிறுவயதில் இந்த வரலாற்றைக் கேட்கும்போது அரசனைப் பற்றித்தான் யோசிப்பேன். படகு பழுதானால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது எனது மாமாவின் படகு உடைந்த பிறகுதான் விளங்கியது.

நாங்கள் இருக்கும் வவுனியாவில் குளங்கள் உண்டு, கடல் இல்லை. ஆனால் உம்மாவின் ஊர் முல்லைத்தீவு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் புத்தளத்துக்குப் போனார்கள். காணி உறுதி, பதிவுப் புத்தகம் எதையும் எடுத்துக்கொள்ள அவகாசம் இருக்கவில்லை என்று உம்மம்மா சொல்வார். யுத்தம் முடிந்தபின் மாமா திரும்பிப் போய், கடன் எடுத்து 18 அடி பைபர் படகொன்று வாங்கினார். கடன் கொடுத்தவர்கள் கேட்டதால் காப்புறுதியும் செய்தார். வருடம் தவறாமல் தவணைப் பணம் கட்டினார். பத்திரத்தை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. பதினொரு பக்கமும் ஆங்கிலம்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்ததால் எல்லோரும் படகுகளைக் கரையேற்றியிருந்தார்கள். மாமா எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அன்றிரவு கடல் மேலேறி வந்து படகைப் புரட்டிப் பக்கத்துப் படகோடு மோதவிட்டது. விடியப் பார்த்தால் அணியம் பிளந்து, ஒரு பக்கப் பலகை கழன்று கிடந்தது.

மாமா அன்றே தொலைபேசியில் அறிவித்தார். மதிப்பீட்டாளர் வரவேண்டும் என்றார்கள். கொரோனாக் காலம், இன்று, நாளை என்று மூன்று வாரம் போயிற்று. மாமி காப்பை அடகு வைத்தார். மாமா கைத்தொலைபேசியில் படங்களை எடுத்துவைத்துவிட்டு, 90,000 ரூபாய் செலவில் படகைத் திருத்தினார். அதன் பிறகு மதிப்பீட்டாளர் வந்தார். மார்ச் மாதத்தில் நிறுவனத்திலிருந்து கடிதம் வந்தது.

நான் அப்போது உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்துக்கொண்டிருந்தேன். மாமா பைலோடு வவுனியாவுக்கு வந்து, “மகள், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்க, எனக்குத் தரமாட்டம் எண்டு சொல்றாங்களா?” என்று கேட்டார்.

கடிதம் மூன்று காரணங்களைச் சொல்லியது. ஒன்று, படகு கடலில் இருக்கவில்லை, கரையில் இருந்தது. இரண்டு, மதிப்பீட்டுக்கு முன்பே திருத்தப்பட்டதால் சேதத்தை உறுதிப்படுத்த முடியவில்லை. மூன்று, படகின் பெறுமதி 4 இலட்சம், காப்புறுதி செய்ததோ 2 இலட்சத்துக்கு மட்டும்.

அந்த வாரம்தான் வகுப்பில் காப்புறுதித் தத்துவங்கள் படித்திருந்தோம். அதியுயர் நம்பிக்கை என்ற தத்துவத்தைச் சொன்னபோது ஆசிரியை ஒரு பழைய வழக்கையும் சொன்னார். சுமாத்திராவில் ஆங்கிலேயரின் கோட்டையொன்று இருந்தது. எதிரி பிடித்துவிட்டால் நட்டஈடு கிடைக்க அதன் ஆளுநர் காப்புறுதி செய்திருந்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் அதைப் பிடித்தார்கள். கோட்டை பலவீனமானது என்பதை மறைத்துவிட்டார் என்று காப்புறுதி செய்தவர் பணம் தர மறுத்தார். 1766இல் தீர்ப்பளித்த மான்ஸ்ஃபீல்ட் பிரபு, இரு தரப்பும் நேர்மையாக நடக்கவேண்டும் என்றார். ஆனால் காப்புறுதி செய்தவர் தாமே அறிந்திருக்கக்கூடியதைப் பிறகு குறையாகச் சொல்ல முடியாது என்று ஆளுநருக்குச் சார்பாகவே முடிவு சொன்னார்.

நம்பிக்கை இரண்டு பக்கமும் இருக்கவேண்டும் என்பதை நான் அன்றுதான் பாடமாக அல்லாமல் பார்த்தேன். சிறு படகுகள் இரவில் கரையில்தான் இருக்கும் என்பது முல்லைத்தீவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவணைப் பணம் வாங்கியபோது படகை எங்கே நிறுத்துவீர்கள் என்று மாமாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அகராதியோடு இரண்டு இரவு இருந்து பத்திரத்தை வாசித்தேன். சேதம் கூடாமல் தடுக்க உரிமையாளர் நியாயமான நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று ஒரு வாசகம் இருந்தது. கரையில் இருக்கும் படகுக்குப் பொருந்தாது என்று எந்தப் பக்கத்திலும் இல்லை. இவற்றை எழுதி, திகதியோடு கூடிய படங்கள், திருத்தியவரின் பற்றுச்சீட்டு, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் எல்லாவற்றையும் இணைத்துத் தமிழில் மேன்முறையீடு அனுப்பினோம்.

முதல் இரண்டு காரணங்களையும் கைவிட்டார்கள். மூன்றாவதை அசைக்க முடியவில்லை. அது சட்டப்படி சரியானது. பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தால் மீதிப் பாதிக்கு நாமே பொறுப்பு. இங்கிலாந்தின் 1906ஆம் ஆண்டுக் கடல்சார் காப்புறுதிச் சட்டத்திலும் இந்த விதி உண்டு. ஆகவே 90,000 ரூபாய் சேதத்துக்கு 45,000. அதில் உரிமையாளர் ஏற்கவேண்டிய முதல் 10,000 கழிந்தது. ஓகஸ்ட் மாதத்தில் கைக்கு வந்தது 35,000 ரூபாய். காப்பை மீட்க அது போதவில்லை.

“அந்த ரெண்டு இலட்சத்தை ஆர் எழுதினது?” என்று மாமி கேட்டார். விண்ணப்பத்தை நிரப்பியவர் முகவர். மாமா கையொப்பம் மட்டும் வைத்தவர்.

2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தபோது முல்லைத்தீவுக் கரையில் படகுகள் அழிந்தன. சிறு படகுகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் காப்புறுதி இருக்கவில்லை. அப்போது உலகம் முழுவதிலிருந்தும் உதவி வந்தது. ஒரு புயலில் ஒரு படகு உடைந்தால் உலகம் வராது. கையிலிருக்கும் பத்திரம்தான் பேசவேண்டும்.

காப்புறுதி ஆகுமா என்று நம்மவர்கள் கேட்பதுண்டு. தகாஃபுல் முறை நம் நாட்டிலும் இருக்கிறது. விரும்புபவர்கள் அதை நாடலாம். ஆனால் அந்தப் பத்திரத்தையும் வாசிக்கத்தான் வேண்டும். கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்வது பற்றிய அல்பகராவின் 282ஆவது வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமானது. எழுதச் சொல்லி அவ்வளவு விரிவாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

பெற்றோருக்கு இதையும் சொல்ல விரும்புகிறேன். நிறுவனம் மறுத்துவிட்டால் அதோடு வழி அடைபடுவதில்லை. காப்புறுதிதாரர்களின் முறைப்பாடுகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் முதலில் கேட்பது பத்திரத்தையும் படங்களையும் பற்றுச்சீட்டுகளையும்தான்.

மறு வருடம் புதுப்பிக்கும்போது மாமா மூன்று கேள்விகள் கேட்டார். பெறுமதி எவ்வளவு என்று எழுதுகிறீர்கள்? கரையில் இருந்தாலும் பொருந்துமா? மதிப்பீட்டாளர் எத்தனை நாளில் வருவார்? முதல் இரண்டுக்கும் எழுத்தில் பதில் கிடைத்தது. மூன்றாவதற்கு இன்றுவரை சிரிப்புத்தான் பதில். தவணைப் பணம் கூடிவிட்டது என்று மாமா முணுமுணுக்கிறார். மாமியோ மூன்று மாதத்துக்கு ஒருமுறை படகைச் சுற்றி நின்று படம் எடுத்து, பத்திரத்தோடு அலுமாரியில் வைக்கிறார்.

தோழியரே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி ஒரு பத்திரம் இருக்கும். படகு இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளுக்கு, கடைக்கு, வாப்பாவின் கடனுக்கு. இந்த விடுமுறையில் அதை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், கொடுத்தவர்களிடமே அர்த்தம் கேளுங்கள்.