தகரப்பெட்டிக்குள் இரண்டு உறுதிகள்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இரண்டு காணி உறுதிகளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்று, மன்னார்த் தீவில் வாப்பா என் பெயருக்கு நன்கொடையாக எழுதித் தந்த வீட்டினுடையது. மற்றது, கற்பிட்டிக் குடாநாட்டில் எத்தாளை என்னும் கிராமத்தில் நானே விலை கொடுத்து வாங்கிய வளவினுடையது. முதல் உறுதி தானாக வந்தது. இரண்டாவதை வாங்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீடு வளவு வாங்க எண்ணியிருக்கும் சகோதரிகள் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர் வீடு வாசலை விட்டு வந்தோம். யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவில் எங்களைப் போன்ற பலர் கடற்கரையில் காத்துக் கிடந்து, வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தோம். நகை நட்டைப் பற்றி உம்மா கவலைப்படவில்லை. கைக்குழந்தையின் துணி மூட்டைக்குள் அந்த வீட்டு உறுதியைச் சுருட்டி வைத்திருந்தார்.

"ஒரு மாசம், மிஞ்சினால் ரெண்டு மாசம். திரும்பிப் போயிருவோம்" என்பார் உம்மா. அந்த ஒரு மாசம் எட்டு வருசமாகியது. கிடுகுக் கொட்டிலில்தான் என் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். மாரியில் மேலே ஒழுகும், கோடையில் கிடுகு காய்ந்து நெருப்புக்குப் பயந்து கிடப்போம். நிவாரண அரிசி வரும் நாளில் வரிசை. மற்ற நாட்களில் நானும் மற்றப் பெண்களும் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போவோம். எங்கள் வீட்டுக்காரரும் தோட்ட வேலைதான் செய்தார்.

அண்டை அயலில் சிலர் சிறு சிறு துண்டுக் காணி வாங்கத் தொடங்கியபோது எனக்கும் ஆசை வந்தது. உம்மா சம்மதிக்கவில்லை. "இங்க கல்வீடு கட்டினால் ஊரை மறந்தாச்சு எண்டு அர்த்தம். நமக்கு வீடு இருக்கு" என்று ஒரே பிடிவாதம். கொட்டிலின் நிலத்துக்குச் சீமெந்து பூசக்கூட விடமாட்டார்.

அந்த நேரத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். உம்மாவுக்குத் தெரியாமல், சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசை ஒருவரிடம் கொடுத்து ஒரு துண்டுக் காணி வாங்கினேன். எழுத்து என்று கிடைத்தது கொப்பித் தாளில் ஒரு கையொப்பம் மட்டும். பிறகுதான் தெரிந்தது, அது அரசாங்கம் பயிர் செய்யக் கொடுத்த பெர்மிட் காணி, பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் விற்க முடியாது என்று. விற்றவர் ஊரிலேயே இல்லை. இரண்டு வருசத்துக் கூலி அப்படியே போனது. வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

பட்ட பிறகு ஒரு சட்டத்தரணியிடம் போய் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நம் நாட்டில் காணி விற்பனை 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சும் துண்டுக் கடதாசியும் செல்லாது. உறுதி எழுதுமுன் காணிப் பதிவகத்தில் முப்பது வருசத்துப் பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும். அடைமானம் இருக்கிறதா, பங்காளிகள் யாராவது கையெழுத்திடாமல் விடுபட்டிருக்கிறார்களா என்பது அதில்தான் தெரியும். நில அளவையாளரின் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான்கு எல்லையையும் நாமே நடந்து பார்க்க வேண்டும்.

1998இல் எத்தாளையில் ஒரு வளவு விலைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டோம். எனக்கு அந்த ஊரை முதலிலேயே பிடித்துவிட்டது. தென்னந்தோப்பும் வெங்காயப் பாத்தியும் மணல் ஒழுங்கையும் பள்ளிவாசல் பாங்கொலியுமாக அமைதியான ஊர். ஒரு பக்கம் பெருங்கடல், மறு பக்கம் களப்பு. ஆனாலும் ஒதுங்கிக் கிடக்கும் ஊர் அல்ல. ரோட்டுக்கு வந்தால் ஒரு பக்கம் கற்பிட்டி, மறு பக்கம் பாலாவிச் சந்தி. சந்தியைத் தாண்டினால் புத்தளம் நகரம், ஆஸ்பத்திரி, கந்தோர் எல்லாம். புத்தளத்திலிருந்து கொழும்பு சுமார் 130 கிலோமீற்றர். பிள்ளைகள் படிப்புக்கும் தொழிலுக்கும் போய் வரலாம், நாங்கள் அமைதியாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

வளவு ஒரு விதவைத் தாயினுடையது. மகளின் கலியாணச் செலவுக்காக விற்றார். நான் பதிவகத்தில் தேட வேண்டும் என்று கூச்சத்தோடு சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "தேடு மகள், தேடிப் பார்த்துத்தான் வாங்கோணும். நாளைக்கு என்ட பேரும் கெடாது, உன்ட காசும் போகாது" என்றார். ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார். எல்லையில் இருக்கும் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்றார். அதையும் உறுதியிலேயே எழுதச் சொன்னேன். எங்கள் ஆட்கள் வந்து குவிந்த நாள் முதல் தண்ணீருக்கும் பாடசாலை இடத்துக்கும் கூலிவேலைக்கும் ஊராருக்கும் எங்களுக்கும் மனத்தாங்கல்கள் வந்ததுண்டு. அதை மறைப்பதற்கில்லை. ஆனால் முதல் மாசங்களில் சோறாக்கித் தந்தவர்களும் அந்த ஊராரே. அந்தத் தாய் பிறகு எனக்கு மாமியாகவே ஆகிவிட்டார்.

வட்டிக்குக் காசு எடுக்க நாங்கள் விரும்பவில்லை. மஹராகக் கிடைத்த காப்பை நான் விற்றேன். மிச்சத்துக்கு மச்சான் கைமாற்றுத் தந்தார். மஹர் பெண்ணின் சொந்தச் சொத்து. ஆகவே உறுதியை என் பெயருக்கே எழுதுவோம் என்று எங்கள் வீட்டுக்காரரே சொன்னார். சகோதரிகளே, உங்கள் நகையை விற்று வாங்கும் காணியில் உங்கள் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்பது அடக்கக்குறைவு அல்ல. மார்க்கம் தந்த உரிமை அது.

உம்மாவிடம் சொல்லத்தான் பயம். சொன்னதும் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எத்தனை பரப்பு?" என்று கேட்டார். இங்கே பேர்ச் கணக்கில்தான் சொல்வார்கள். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு. "ரெண்டு பரப்பு உம்மா" என்றேன். "நம்ம வளவு நாலு" என்றார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது எங்கள் வீட்டுக்காரர்தான். ஒருநாள் கற்பிட்டிக்குக் கூட்டிப் போய் ஒல்லாந்தர் கோட்டையைக் காட்டினார். 1667இல் தொடங்கி 1676இல் கட்டி முடித்த கோட்டை அது. 1795இல் ஆங்கிலேயரிடம் அதை விட்டுவிட்டு ஒல்லாந்தர் போனார்கள். "பாருங்க மாமி, இவ்வளவு தடிப்பான கல்மதில் கட்டினவனே போயிட்டான். நாம கட்டுற நாலு சுவரா நம்மளப் பிடிச்சு வைக்கப்போகுது? நாடு சரியானால் போவோம். அதுவரைக்கும் பிள்ளைகள் நனையாமல் இருக்கட்டும்" என்றார். உம்மா சிரித்துவிட்டார். அடுத்த வாரம் அத்திவாரம் வெட்டும்போது பிஸ்மி சொல்லி முதல் கல்லை எடுத்துக் கொடுத்தவர் அவர்தான்.

இரண்டு அறை கட்டி, மிச்சத்தை அப்படியே விட்டிருந்தோம். 2007இல் உலக வங்கி உதவியோடு இடம்பெயர்ந்தோருக்கான புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. அதில் காணி உரித்தைக் காட்ட வேண்டியிருந்தது. உறுதி கையில் இருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இருக்கவில்லை. கட்டம் கட்டமாகக் கிடைத்த காசில் கூரையை முடித்தோம். உம்மா அதைப் பார்க்கவில்லை. 2006இல் வபாத்தாகி, எத்தாளை மையவாடியிலேயே அடங்கிவிட்டார்.

2009இல் யுத்தம் முடிந்த பிறகு மன்னாருக்குப் போனோம். வீடு இருந்த இடத்தில் பற்றைக்காடும் இரண்டு சுவரும்தான். பத்து வருசம் ஒருவர் தடையின்றி ஆண்டால் காணி அவருக்கே உரித்தாகலாம் என்பது சட்டம். அதனால் திரும்பி வந்தவர்கள் பலர் பயந்தார்கள். யுத்தத்தால் போக முடியாதிருந்தவர்களுக்காக 2016இல் விசேட சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். அதிலும் வழக்குப் போட இரண்டு வருசத் தவணையே இருந்தது. எங்கள் வளவில் யாரும் குடியேறியிருக்கவில்லை. உம்மா துணி மூட்டைக்குள் சுருட்டி வந்த உறுதியைக் காட்டித்தான் எல்லையை அளந்தோம். மூத்த மகன் இப்போது அங்கே வீடு கட்டி இருக்கிறான். மகள் எத்தாளையில் என்னோடு இருக்கிறாள். நோன்புக்கு இங்கே, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அங்கே என்று என் காலம் போகிறது.

இந்தப் பக்கம் காணி பார்க்க வரும் சகோதரிகளுக்கு இன்னொரு விசயம். கிணற்றையும் பாருங்கள். இது மணற்பூமி. தோட்டங்களுக்கு இடும் பசளை சுலபமாகத் தரைநீரில் இறங்கிவிடும், குடிநீரில் நைத்திரேற்று கூடும். கைக்குழந்தை உள்ள வீடானால் தண்ணீரைப் பரிசோதிக்காமல் குடிக்கக் கொடுக்காதீர்கள்.

சென்ற மாசம் பேத்தி அந்தத் தகரப்பெட்டியைத் திறந்து, "உம்மும்மா, இதுல எது நம்ம வீடு?" என்று கேட்டாள். இரண்டையும் அவள் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டி வாசித்து முடிக்க அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டது. மாமி வீட்டுப் பிள்ளைகள் கிணற்றடியில் வுழூச் செய்யும் சத்தம் கேட்டது. பெட்டியை மூடி மேலே வைத்துவிட்டு நாங்களும் எழுந்தோம்.